சம்பளத்தைக் கேட்கும் முன் எந்த பாஸ் என்று கேளுங்கள்

படிப்பை முடித்த பையனுக்கோ பெண்ணுக்கோ சிங்கப்பூரில் வேலை என்று செய்தி வந்தால், வீட்டில் முதலில் கேட்பது சம்பளம் எவ்வளவு என்பதைத்தான். சொல்லி முடிப்பதற்குள் யாராவது கைபேசியை எடுத்து அதை ரூபாயாக்கிவிடுவார். தங்குமிடம் உண்டா, டிக்கெட் யார் போடுகிறார்கள் என்பதெல்லாம் அடுத்தடுத்து வரும். எந்த பாஸ் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் வருவதில்லை. வந்தாலும், "அதெல்லாம் ஒண்ணுதாம்மா, போய்ச் சேர்ந்தா போதும்" என்று ஏஜென்ட் சொல்லும் ஒரே வரியில் அடங்கிவிடும்.

எல்லாம் ஒன்றில்லை. புதுக்கோட்டை, மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூர் போய்வந்த ஊர்களில்கூட இந்தக் குழப்பம் இருக்கிறது. பெரியப்பா போன காலத்து விதி வேறு, இன்றைய விதி வேறு. விதிகளில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. சிங்கப்பூர் மனிதவள அமைச்சு அத்தனையையும் தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது. பொறுமையாக ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால், வந்திருக்கும் வேலை மெய்யா பொய்யா என்பதில் பாதி அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். சிங்கப்பூரில் வேலை பார்க்க அனுமதி கேட்டு விண்ணப்பிப்பது நாம் அல்ல, அங்குள்ள நிறுவனம். அனுமதி அந்த நிறுவனத்துக்கு, அந்த வேலைக்கு மட்டும்தான். இதற்குத் தரும் அட்டையைத்தான் பாஸ் என்கிறோம். நம் ஆட்களுக்குத் தெரிந்தவை மூன்று: எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்கிற இ பாஸ், எஸ் பாஸ், வொர்க் பெர்மிட். பட்டதாரிகள், நிர்வாக வேலை பார்ப்பவர்களுக்கு முதலாவது. நடுத்தரத் திறன் வேலைகளுக்கு இரண்டாவது. கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற இடங்களில் உடலுழைப்புக்கு மூன்றாவது. சம்பளத்தின் அடிமட்டம், நிறுவனம் அரசுக்குக் கட்டும் தொகை, எத்தனை வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு, இவை பாஸுக்குப் பாஸ் மாறும்.

இ பாஸுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஜனவரி முதல் 5,600 வெள்ளி. (சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்பார்கள், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.) வங்கி, நிதித்துறை என்றால் 6,200. இது இருபத்து மூன்று வயதுக்காரருக்கு. வயது ஏற ஏற இந்த அடிமட்டமும் ஏறி, நாற்பத்தைந்தில் 10,700-ஐத் தொடும். 2017-இல் இது 3,600 ஆக இருந்தது. 2020-இல் ஒரே ஆண்டில் இரண்டு முறை உயர்ந்து 4,500 ஆனது, 2022 செப்டம்பரில் 5,000. நாலைந்து ஆண்டுகளுக்கு முன் போன அண்ணன் சொல்லும் எண்ணை இன்று நம்பக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

ஏன் இவ்வளவு உயர்த்துகிறார்கள்? உள்ளூர் நிபுணர்கள், மேலாளர்கள் வாங்கும் சம்பளத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கை அளவுகோலாக வைத்து இந்த அடிமட்டத்தை நிர்ணயிக்கிறார்கள். மலிவு என்பதற்காக மட்டும் வெளிநாட்டவரை எடுக்கக் கூடாது என்பது நோக்கம். 2024-இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் படித்து முடித்து முழுநேர வேலைக்குப் போனவர்களின் தொடக்கச் சம்பளத்தில் நடு எண் 4,500 வெள்ளி. உள்ளூர்க்காரருக்கு நிறுவனம் 17 சதவீதம் சேமநிதியும் கட்டவேண்டும். அதைச் சேர்த்தாலும் 5,265. வெளியிலிருந்து வரும் புதுப் பட்டதாரிக்குக் குறைந்தது 5,600. அனுபவமில்லாத ஒருவரை இந்த விலையில் கடல் தாண்டி அழைத்துவர நிறுவனத்துக்கு நல்ல காரணம் வேண்டும். அந்தக் காரணம் உங்கள் பிள்ளையிடம் இருக்கலாம். ஆனால் "இ பாஸ், சம்பளம் மூவாயிரம்" என்று ஒருவர் சொன்னால் மேலே விசாரிக்கவே வேண்டாம், அப்படி ஒரு பாஸ் கிடையாது.

சம்பளம் மட்டும் போதாது. 2023 செப்டம்பரிலிருந்து புது விண்ணப்பங்களுக்கு காம்பஸ் என்ற புள்ளிக் கணக்கும் உண்டு. 40 புள்ளி வேண்டும். நான்கு தலைப்புகளில் ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், பத்து அல்லது இருபது. முதலாவது, அந்தத் துறையில் உங்கள் வயதுக்கு ஏற்ற உள்ளூர்ச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் உங்கள் சம்பளம் எங்கே நிற்கிறது என்பது. இரண்டாவது படிப்பு: பட்டம் இருந்தால் பத்து, உயர்தரம் என்று அவர்கள் பட்டியலிட்ட கல்வி நிறுவனத்தில் வாங்கியிருந்தால் இருபது. மூன்றாவது, அந்த நிறுவனத்தின் நிபுணர்களில் உங்கள் நாட்டவர் எத்தனை பங்கு என்பது. நான்காவது, உள்ளூர்க்காரர்களுக்கு அந்த நிறுவனம் எவ்வளவு வேலை தந்திருக்கிறது என்பது.

நம்மவர்கள் கவனிக்கவேண்டியது மூன்றாவதை. நிறுவனத்தின் நிபுணர்களில் கால் பங்கோ அதற்கு மேலோ இந்தியர்கள் இருந்தால், அடுத்து வரும் இந்தியருக்கு இந்தத் தலைப்பில் பூஜ்யம். 'நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க, தைரியமா வா' என்று மாமா அழைக்கும் கம்பெனியில்தான் விண்ணப்பம் விழ வாய்ப்பு அதிகம். கேட்கக் கசப்பாக இருக்கலாம், ஆனால் கணக்கு அப்படித்தான். நிபுணர்கள் 25 பேருக்குக் குறைவாக உள்ள சிறு நிறுவனத்துக்கு மூன்றாவது, நான்காவது தலைப்புகளில் தலா பத்து புள்ளி தானாகவே கிடைக்கும். சாதாரணப் பொறியியல் கல்லூரியில் படித்த ஒருவர் அத்தகைய நிறுவனத்துக்குப் போகிறார் என்று வையுங்கள். பட்டத்துக்குப் பத்து, அந்த இருபது, ஆக முப்பது. மீதிப் பத்து சம்பளத்திலிருந்து வரவேண்டும். 5,600 என்பது விண்ணப்பிக்கத் தகுதி மட்டுமே. பத்துப் புள்ளி வாங்க, அந்தத் துறையின் உள்ளூர் நிபுணர்களில் நூற்றுக்கு அறுபத்தைந்து பேரைத் தாண்டிய சம்பளம் வேண்டும், துறைக்குத் துறை அது மாறும். ஆள் தட்டுப்பாடு என்று அரசு பட்டியலிட்ட வேலையாக இருந்தால் கூடுதல் புள்ளி உண்டு; சைபர் பாதுகாப்பு போன்ற வேலைகள் அதில் வரும்.

படிப்புக்குப் புள்ளி கேட்டால், சான்றிதழ் அசல்தானா என்று சரிபார்த்த ஆதாரத்தையும் நிறுவனம் இணைக்கவேண்டும். கல்லூரியில் கேட்டுப் பெறச் சில வாரங்கள் ஆகலாம், அவசரப்படுத்திப் பயனில்லை. போலிச் சான்றிதழ் கொடுத்தால், பொய் வாக்குமூலம் என்ற குற்றம்: 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

எஸ் பாஸுக்கு வருவோம். ஊரில் அதிகம் காசு கைமாறுவது இதில்தான். 2025 செப்டம்பர் முதல் புது விண்ணப்பத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி. ஒவ்வொரு எஸ் பாஸுக்கும் நிறுவனம் அரசுக்கு மாதம் 650 வெள்ளி லெவி கட்டவேண்டும். ஆள் எடுப்பதற்கும் வரம்பு உண்டு: சேவைத் துறையில் மொத்த ஊழியர்களில் நூற்றுக்குப் பத்து, கட்டுமானம், உற்பத்தி, கப்பல் பட்டறையில் பதினைந்து. ஆக ஒரு எஸ் பாஸ் ஊழியருக்கு நிறுவனத்தின் மாதச் செலவு ஏறக்குறைய நாலாயிரம் வெள்ளி. காலி இடமும் கொஞ்சம்தான்.

சில முதலாளிகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். தாளில் 3,300 காட்டுவார்கள், வங்கிக் கணக்கிலும் 3,300 போடுவார்கள். சம்பள நாளில் ஆயிரமோ ஆயிரத்து ஐநூறோ எடுத்து ரொக்கமாகத் திருப்பித் தரவேண்டும். "அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க தம்பி, எல்லாரும் இப்படித்தான்" என்று சொல்லப்படுவது இதுதான். எல்லாரும் இப்படி இல்லை. வேலை தருவதற்கு நிபந்தனையாகக் காசு வாங்கும் முதலாளிக்கு 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் சிங்கப்பூர்ச் சட்டத்தில் இருக்கிறது. லெவியை ஊழியரிடம் வசூலிப்பதும் குற்றம். பலர் கவனிக்காதது வேறொன்று: உண்மைச் சம்பளம் குறைவு என்று தெரிந்தே கூடுதலாகக் காட்டி பாஸ் வாங்கினால், பொய் வாக்குமூலத்தில் ஊழியரும் பங்காளி ஆகிறார். பிறகு புகார் செய்யப் போகும்போது அதுவே கைவிலங்காகிவிடும். ஏஜென்ட் முதலிலேயே "கையில் 2,000, பேப்பரில் 3,300" என்று சொன்னால், இந்தத் திட்டத்துக்குத்தான் உங்களைத் தயார் செய்கிறார்.

வொர்க் பெர்மிட்டில் குறைந்தபட்சச் சம்பளம் என்று எதுவும் இல்லை. கட்டுமானத்துக்குப் போகிறவர்கள் இங்கேயே தேர்வு மையத்தில் 'டெஸ்ட் அடித்து' சான்று வாங்கிப் போவார்கள். கம்பி கட்டுவது, குழாய் போடுவது என்று கைவேலைத் தேர்வு. கௌரவமான உழைப்புதான், அதில் ஒன்றும் குறைவில்லை. பி.இ. முடித்தவரிடம் 'சைட் இன்ஜினியர் வேலை' என்று சொல்லி டெஸ்ட் அடிக்க அனுப்புவதைத்தான் நான் தவறு என்கிறேன். பெர்மிட்டில் எழுதியிருக்கும் வேலையைத்தான் பார்க்கமுடியும், அது கட்டுமானத் தொழிலாளி வேலை. "ஆறு மாசத்துல எஸ் பாஸுக்கு மாத்திடுவோம்" என்பது அடுத்த வாக்குறுதி. மாற்றவேண்டுமானால் 3,300 வெள்ளிச் சம்பளம் வேண்டும், நிறுவனத்தின் பத்து, பதினைந்து சத வரம்பில் இடம் வேண்டும். இன்று 900 வெள்ளி தருகிறவர் ஆறு மாதம் கழித்து 3,300 தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் பார்க்கலாம். அதன் பெயர் ஐபிஏ, அதாவது கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம். பாஸ் அனுமதிக்கப்பட்டவுடன் அமைச்சு தருவது. இதைக் காட்டித்தான் சிங்கப்பூருக்குள் நுழையமுடியும். நிறுவனம் தரும் ஆஃபர் லெட்டரை யாரும் அச்சடித்துவிடலாம். ஐபிஏ அமைச்சின் கணினியில் இருக்கவேண்டும். உங்கள் பாஸ்போர்ட் விவரங்களைக் கொண்டு விண்ணப்பத்தின் நிலையை அமைச்சின் இணையதளத்திலேயே, காசில்லாமல், பார்த்துக்கொள்ளலாம். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மங்கலான படம் போதாது. முழுக் கடிதமும் கையில் வரும்வரை வேலையை விடுவதோ, நகையை அடகு வைப்பதோ வேண்டாம்.

கடிதம் வந்ததும் சம்பளப் பகுதியை வரி வரியாகப் படியுங்கள். அடிப்படைச் சம்பளம் ஒரு வரி, படிகள் ஒரு வரி, பிடித்தம் ஒரு வரி. ஒரு பெர்மிட் வேலையை எடுத்துக்கொள்வோம். மாதம் 1,400 வெள்ளி என்று ஊரில் சொன்னார்கள். கடிதத்தில் அடிப்படை 600, படி 300, ஆக 900. மீதி 500 ஓ.டி.யில் வந்துவிடும் என்பார்கள். ஓ.டி. கணக்கு அடிப்படைச் சம்பளத்தின் மீதுதான், படியின் மீதல்ல. 600-ஐ வாரம் 44 மணி நேரமாகப் பிரித்தால் மணிக்கு 3 வெள்ளி 15 காசு வரும். ஒன்றரை மடங்கு என்றால் 4 வெள்ளி 72 காசு. ஐநூறு வெள்ளி சேர மாதம் 106 மணி நேரம் ஓ.டி. பார்க்கவேண்டும். சட்டம் பொதுவாக அனுமதிப்பது மாதத்துக்கு 72 மணி. ஓய்வு நாளையும் கொடுத்து உழைத்தால்தான் சொன்ன தொகை கையில் வரும். அடிப்படை 850, படி 50 என்று எழுதியிருந்தாலும் கூட்டுத்தொகை அதே 900 தான். ஆனால் மாதக் கடைசியில் கைக்கு வருவது வேறு. இப்படிப் பிரித்து எழுதுவதன் சூட்சுமம் இதில் இருக்கிறது.

ஏஜென்டுக்குக் கொடுக்கும் காசுக்கும் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. இந்தியாவில் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்த ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாய். ஜிஎஸ்டி சேர்த்து 35,400. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி, வேலைக்காலத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்று, எப்படியானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் ஊழியரிடம் வாங்கக் கூடாது. ஆறு மாதத்துக்குள் முதலாளி வேலையை விட்டு நிறுத்தினால் அதில் பாதியைத் திருப்பித் தரவேண்டும். இலட்சக்கணக்கில் கட்டியவர்களிடம் ரசீது கேட்டால் பெரும்பாலும் இருக்காது. ரசீது தரமுடியாத தொகை என்பதால்தான் ரொக்கமாகக் கேட்கிறார்கள்.

வளைகுடாவுக்குப் போகும்போது, பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஒப்பந்தம் ஒருமுறையாவது அரசு கண்ணில் படும். அந்த அனுமதி தேவைப்படும் பதினெட்டு நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. திருச்சியில் விமானம் ஏறும் பட்டதாரியின் காகிதத்தை இந்தியப் பக்கம் யாரும் படித்துப் பார்ப்பதில்லை. படிக்கவேண்டிய ஆள் அவர்தான். நம்பகமான இடத்தில் பதிந்து வைக்க நினைப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது.

விசிட்டில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விசிட்டில் இருக்கும்போது ஒருநாள் வேலை பார்த்தாலும் குற்றம்.

போய்ச் சேர்ந்த பிறகான பணக் கணக்கில் புதியவர்கள் தடுமாறும் இடம் வரி. இங்கே மாதாமாதம் சம்பளத்திலேயே வருமான வரியைப் பிடித்துவிடுவார்கள். அங்கே பிடிப்பதில்லை, ஆண்டு முடிந்து, அடுத்த ஆண்டில்தான் பில் வரும். 5,600 வெள்ளியில் ஆண்டு முழுக்க வேலை பார்த்த ஒருவருக்கு அது ஏறக்குறைய 2,400 வெள்ளி இருக்கும். பன்னிரண்டு தவணையாக வங்கியிலிருந்து கட்ட வசதியுண்டு. ஆனால் முதல் ஆண்டிலேயே எல்லாவற்றையும் ஊருக்கு அனுப்பிவிட்டவருக்கு அந்தக் கடிதம் பேரிடி. சேமநிதியும் வெளிநாட்டவருக்குக் கிடையாது. சம்பளம் முழுசாகக் கைக்கு வருவது நல்லதுதான், ஆனால் இங்கே பி.எஃப். என்று தானாகச் சேர்ந்ததை அங்கே நாமே எடுத்துவைக்கவேண்டும். மருத்துவக் காப்பீடு எஸ் பாஸுக்கும் பெர்மிட்டுக்கும் நிறுவனத்தின் கட்டாயக் கடமை, இ பாஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வெளிநாட்டவருக்கு அங்கே அரசு மருத்துவமனையிலும் மானியம் கிடையாது. ஆகவே இ பாஸில் போகிறவர்கள் காப்பீடு உண்டா என்று கையெழுத்திடும் முன் கேட்டு எழுதி வாங்கவேண்டும்.

வாடகை பெரிய செலவு. அரசு அடுக்குமாடி வீட்டில் ஒரு அறையைத் தனியாக எடுத்தால் சம்பளத்தில் நல்ல பங்கு போய்விடும். அந்த வீடுகளை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடவும் கூடாது. தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) பக்கத்திலேயே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், எம்ஆர்டி ரயிலில் அரைமணி நேரம் தள்ளிப் போனால் கொஞ்சம் குறையும்.

பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, அது சட்ட விரோதம். 'பாதுகாப்புக்கு' என்றாலும் கொடுக்க வேண்டாம். சம்பள ரசீது விவரமாகத் தரவேண்டும், சம்பள காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் போடவேண்டும். இவை எல்லாருக்கும் பொது. இ பாஸ் முதல் தடவை பொதுவாக அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குத் தருவார்கள். புதுப்பிக்கும்போது வயதுக்கேற்ற அடிமட்டத்தையும் காம்பஸ் கணக்கையும் மறுபடி தாண்டவேண்டும். இரண்டு ஆண்டு சம்பள உயர்வே இல்லாமல் இருந்தால் புதுப்பிப்பில் மாட்டிக்கொள்ள நேரும். ஆகவே உயர்வு கேட்பதற்கு அங்கே ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது, கூச்சப்படவேண்டாம்.

வேலை போனால் பாஸும் போகும். இ பாஸ், எஸ் பாஸ் என்றால் ரத்து செய்தபின் பொதுவாக முப்பது நாள் தங்க அனுமதி தருவார்கள். அதற்குள் வேறு நிறுவனம் புதிதாக விண்ணப்பிக்கலாம். இந்த இரண்டிலும் அதற்குப் பழைய முதலாளியின் சம்மதம் தேவையில்லை. 'எங்க லெட்டர் இல்லாம எங்கேயும் போகமுடியாது' என்பது வெறும் மிரட்டல். வேலையை விட்டு நாடு திரும்பும்போது வரிக் கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுவனம் நிறுத்திவைக்கும், அது விதிப்படிதான். வரி போக மீதியைத் தரவேண்டும்.

சம்பளமே தராமல் இழுத்தடித்தால் டிஏடிஎம் என்ற முத்தரப்பு அமைப்பில் முறையிடலாம். வேலையில் இருந்தால் பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள், வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். பொதுவாக 20,000 வெள்ளி வரை கோரலாம். ஐபிஏ கடிதம், சம்பள ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம், வேலை நேரத்தைக் குறித்துவைத்த டைரி அல்லது கைபேசிப் படங்கள் இருந்தால் அங்கே பேச எளிது. ஐபிஏயின் ஒரு நகலைப் புறப்படும் முன்பே வீட்டில் அம்மாவிடமோ அண்ணனிடமோ கொடுத்து வையுங்கள்.